ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

எங்கள் தெருவில் யாருக்குத் தலை வலித்தாலும் என்னைத்தான் கேட்பார்கள். "ரசூல் பாய் பொண்ணு சென்னையில டாக்டருக்குப் படிக்குது" என்று யாரோ கிளப்பிவிட்ட பேச்சு, நான் எத்தனை முறை மறுத்தும் அடங்கவில்லை. உண்மையில் நான் செய்கிற வேலை இதுதான்: எலியின் கால் நரம்பிலிருந்து ஷ்வான் செல் என்கிற செல்களைப் பிரித்தெடுத்து, கண்ணாடித் தட்டில் வளர்த்து, வேளாவேளைக்கு ஆகாரம் மாற்றி, அவை என்ன செய்கின்றன என்று பார்த்துக்கொண்டிருப்பேன். மூன்று வருடமாகப் பார்க்கிறேன். பாதி செத்துப்போகும். மீதி என் பேச்சைக் கேட்காது. அத்தாவின் மெக்கானிக் கடையிலேயே நின்றிருந்தால் இதற்குள் நூறு இன்ஜின் இறக்கி ஏற்றியிருப்பேன்.

அதனால் ஜூன் மாதத்தின் முதல் ஞாயிறு, எங்கள் தெரு விஸ்வேஸ்வரன் மாமா கடை வாசலில் வண்டியிலிருந்து இறங்கி, கட்டுப் பிரித்த வலது கையை என் முகத்துக்கு நேரே நீட்டி, "இது எப்பம்மா எழுந்திரிக்கும்?" என்று கேட்டபோது எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது.

"ஆபரேஷன் பண்ண டாக்டர கேளுங்க மாமா."

"கேட்டேம்மா. நரம்பு மெதுவாத்தான் வரும், பொறுமையா இருங்கன்னாரு. அவ்ளோதான். அடுத்த பேஷன்ட கூப்ட்டாரு. பொறுமைன்னா எவ்ளோ? ஒரு படியா, ரெண்டு படியா?"

மாமாவுக்கு எல்லாமே படிக்கணக்கு, கரண்டிக்கணக்கு. எங்கள் திருத்தணி மலையடிவாரத்தில், சரவணப் பொய்கைக்குப் போகிற வழியில், ஏழூர்க் கட்டளை மண்டபம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே நைவேத்தியம் சமைக்கும் பொறுப்பு மாமாவின் குடும்பத்துடையது. வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் அந்த மண்டபத்தை ஊரே திரும்பிப் பார்க்கும். டிசம்பர் முப்பத்தொன்று, படித் திருவிழா. மலையின் முந்நூற்று அறுபத்தைந்து படிகளுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, பஜனைக் கூட்டம் படிக்கு ஒரு பாட்டு பாடிக்கொண்டு ஏறும். கட்டளை மண்டபத்திலிருந்து படிக்கு ஒரு அதிரசம் போகவேண்டும். முந்நூற்று அறுபத்தைந்து அதிரசம், ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

அதிரசத்துக்கு உயிர் வெல்லப் பாகில் இருக்கிறது. பாகில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டுக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் உருட்டினால் மெத்தென்று உருளவேண்டும். பதம் குறைந்தால் அதிரசம் நெய்யில் கரைந்து காணாமல் போய்விடும். பதம் கூடினால் அதை வைத்துச் சுவரில் ஆணி அடிக்கலாம். வீட்டில் என்றால் நாக்கில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். நைவேத்தியத்தை ருசி பார்க்கக் கூடாது, வாசனையும் பிடிக்கக் கூடாது. அடுப்பில் நிற்கும்போது வாயையும் மூக்கையும் துணியால் கட்டியிருப்பார்கள். மிஞ்சுவது கண்ணும் காதும் விரலும்தான். அந்த விரலும் வலது கை விரலாக இருக்கவேண்டும், இடது கை பாகைத் தொட்டால் அந்தப் பாகு வெளியேதான் போகும்.

அப்படிப்பட்ட வலது கையை மாமா ஒரு நெய் டின்னுக்குக் கொடுத்துவிட்டார். தமிழ்ப் புத்தாண்டுக்கு மறுநாள், வீட்டில் பதினைந்து கிலோ டின்னின் அடியில் ஒட்டியிருந்த கடைசிக் கரண்டி நெய்யை வழிக்கக் கையை உள்ளே விட்டவர், "வித்யா, போன் அடிக்குது பாரு" என்று மாமியின் பக்கம் திரும்பியிருக்கிறார். வெட்டித் திறந்த தகரத்தின் விளிம்பு, மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, உள்பக்கத்தில் இறங்கிவிட்டது. என் அத்தாதான் தன் வேட்டியைக் கிழித்துக் கட்டி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். சென்னையில் நரம்பைத் தைத்தார்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போயின. "மத்தவங்க விரல எடுத்து என் கையில ஒட்டி வெச்சாப்ல இருக்குதும்மா" என்றார் மாமா.

அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. மாமா எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டு சொல்பவர். எனக்கு எரிச்சல் போய் வருத்தம் வந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"உக்காருங்க மாமா. சொல்றேன்."

நரம்பு என்றால் எல்லாருக்கும் ஒயர்தான் ஞாபகம் வரும். ஒயரைச் சுற்றி ஒரு உறை இருக்கிறது, அந்த உறையே உயிருள்ள செல், அதற்கும் வேலை உண்டு, அறிவு உண்டு என்பதை யாரும் நினைப்பதில்லை. எனக்கு இதில் தனிப்பட்ட கோபமே உண்டு. மூன்று வருடமாக நான் சோறு போடுவது அந்த உறைக்குத்தான்.

"வெட்டுப்பட்டதும் அந்தாண்ட இருக்கிற ஒயரு செத்துடும் மாமா. ஆனா அத சுத்திகினு இருந்த ஷ்வான் செல்லு சாகாது."

ஸ்பார்க் பிளக் துடைத்துக்கொண்டிருந்த அத்தா நிமிர்ந்தார். "ஒயரு போயி இன்சுலேஷன் மட்டும் நிக்குமா?"

"நிக்கும் அத்தா. சும்மாவும் நிக்காது. சுத்துற வேலைய வுட்டுட்டு, செத்தத எல்லாம் தின்னு சுத்தம் பண்ணும். அப்புறம் வரிசையா நின்னு விரலு நுனி வரைக்கும் பாதை போட்டு வெக்கும். போட்டுட்டு, வா வான்னு கூப்புடறதுக்கு ஒரு சத்துப் பொருள வெளிய வுடும். வளர்ச்சிக் காரணின்னு பேரு. மேல இருந்து புது இழை அத புடிச்சிகினு கீழ எறங்கும்."

"வந்த இழைய இதுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் அத்தா. கேள்வி என் கைடு கேட்பதைவிட நன்றாக இருந்தது.

"அது தன் மேல நியூரெகுலின்னு ஒண்ண சுமந்துகினு வரும். நான் வந்துட்டேன், என்னைச் சுத்துன்னு அர்த்தம். அத கேக்கறதுக்குன்னே ஷ்வான் செல்லு மேல காது மாதிரி ஒண்ணு இருக்குது. கேட்டதும் மறுபடி சுத்த ஆரம்பிக்கும். என் ஆராய்ச்சியே அந்தக் காதப் பத்தித்தான்."

மாமா தன் விரல்களைப் பார்த்தார். "புரியுதும்மா. பந்திக்கு ஆளு வர்றதுக்கு முன்ன பழைய எலைய எடுத்து, தரையப் பெருக்கி, புது எல போட்டு, வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு கூப்புடறானே, அவன்தான் உன் செல்லு."

இதைவிடச் சுருக்கமாக என் ஆய்வறிக்கையில் ஒரு பக்கம் கிடையாது.

"சரி, ஒரு நாளைக்கு எவ்ளோ தூரம் வரும்?"

"ஒரு மில்லிமீட்டர்."

அத்தா உடனே ஸ்டீல் ஸ்கேலை எடுத்து வந்தார். தழும்பிலிருந்து ஆள்காட்டி விரல் நுனி வரை அளந்தால் இருநூற்று இருபத்தெட்டு மில்லிமீட்டர். கிளம்புவதற்கே ஒரு மாதம் எடுக்கும் என்றேன். கடைச் சுவரில் தொங்கிய காலண்டரில் மூன்று பேரும் எண்ணிக்கொண்டு போனோம். விரல் நுனி, டிசம்பர் இருபத்தொன்பதில் வந்து விழுந்தது.

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பாகு காச்சற நாளும்மா அது! மாவு ஒரு நாள் ஊறணும், முப்பதாந்தேதி சுடணும். கரெக்டா இருபத்தொம்போது!"

"மாமா, இது கணக்கு. நரம்புக்குக் காலண்டர் தெரியாது. முன்ன பின்ன ஆவும். ரொம்ப நாளாச்சுன்னா இந்தச் செல்லே சோர்ந்து போயிடும், கூப்புடறத நிறுத்திடும்."

அவர் காதில் விழுந்தது தேதி மட்டும்தான். நான் அவர் உள்ளங்கையிலிருந்து மேல் நோக்கி என் விரல் நுனியால் தட்டிக்கொண்டே வந்தேன். தழும்புக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே தட்டியதும் ஸ்டூலோடு துள்ளினார்.

"ஷாக் அடிக்குது! தட்டுனது இங்க, அடிக்கறது விரல்ல!"

அதுதான் இழையின் முனை, அந்த இடம் வரை வந்திருக்கிறது என்றேன். நீலப் பேனாவால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதினேன். மாமா அந்தக் கோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் சென்னை ரயிலில் வந்து இறங்குவேன், ஞாயிறு காலையில் மாமா கையோடு நிற்பார். தட்டுவேன், கோடு போடுவேன். அவர் தினமும் இரண்டு வேளை குளிப்பவர், கோடு நிற்குமா? வித்யாலக்ஷ்மி மாமி பொறுமையாக எல்லாக் கோட்டையும் மறுபடி எழுதிவிடுவார். "காலையில வாசல்ல ஒரு கோலம், வூட்டுக்காரர் கையில ஒரு கோலம்" என்று சலித்துக்கொள்வார். கோடு அழிந்த கையோடு மாமா ஒருநாளும் கடைக்கு வந்ததில்லை. ஆடி பிறந்தபோது மாமாவின் கை ஒரு அடி ஸ்கேல் மாதிரி ஆகிவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் கேட்டால், "இன்னா, நரம்பு வந்துகினு இருக்குது. இந்த வாரம் மணிக்கட்டுத் தாண்டிடுச்சு" என்பாராம்.

இதற்கிடையில் மண்டபத்து அடுப்பைப் பார்த்துக்கொண்டது மாமியின் தம்பி நாகேஷ். அரக்கோணத்தில் கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர். அக்கா அழுததும் ஆர்டர்களைப் பார்ட்னரிடம் தள்ளிவிட்டு ஓடிவந்தவர். ஆயிரம் பேருக்குச் சமைத்த கை. ஆனால் கல்யாணச் சமையலில் ஒரு பழக்கம் உண்டு. கரண்டியைத் தூக்கி உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்க்காமல் எதையும் இறக்க மாட்டார்கள். ஆடிக் கிருத்திகையன்று ஊர் முழுக்கக் காவடி, மண்டபத்தில் ஒரு அண்டா சர்க்கரைப் பொங்கல். நாகேஷ் கிளறிக்கொண்டே இருந்தவர், தன்னை மறந்து வாய்க்கட்டை இறக்கி, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடி, "இன்னும் ஒரு கை ஏலக்கா" என்றிருக்கிறார்.

கண்ணைத் திறந்தால் எதிரே மண்டபத்து மணியக்காரர் பரணிதரன்.

அந்த அண்டா நைவேத்தியத்துக்குப் போகவில்லை. வந்தவர்களுக்கு அப்படியே பகிர்ந்தார்கள், சாப்பிட்டவர்கள் எல்லாரும் பிரமாதம் என்றார்கள், அதுதான் நாகேஷுக்கு இன்னும் அவமானம். பரணிதரன் கோபக்காரர் இல்லை, கண்டிப்பானவர். அன்று சாயங்காலமே மாமா வீட்டுக்கு வந்தார்.

"விஸ்வேஸ்வரா, உன் கை சரியாவட்டும்னு நாங்களும் பார்த்துகினுதான் இருக்கோம். ஆனா படித் திருவிழாவ விளையாட்டா வுட முடியாது. இருபத்தொம்போதாந்தேதி பாகு. நீ வந்து உன் கையால பதம் பார்க்கணும், நான் நின்னு பார்ப்பேன். இல்லன்னா அடுத்த வருஷத்துல இருந்து வேற ஆள வெச்சிக்கறோம். தப்பா நெனைக்காத."

மாமி கதவோரம் நின்று, "நான் வந்து தொட்டுச் சொல்றேன், வுடுவீங்களா? இவருக்கே பதம் சொல்லித் தந்தது நானு" என்றார். அந்த அடுப்பருகே பெண்களை விடமாட்டார்கள் என்பது மாமிக்கும் தெரியும், கேட்டுவைத்தார். நான் சர்க்கரைப் பாகுக்கு என்றே விற்கிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்கித் தருகிறேன் என்றேன். "வெல்லம் லோடுக்கு லோடு மாறும்மா. போன தடவ வந்தது உப்பா இருந்தது. உன் மீட்டருக்கு அது தெரியுமா?" என்று மாமா கேட்டார். தெரியாதுதான்.

அதற்கப்புறம் மாமாவுக்கு அவசரம் பிடித்துக்கொண்டது. செப்டம்பரில் ஒரு ஞாயிறு, வந்ததும் வராததுமாக, "வந்துடுச்சும்மா, ஆள்காட்டி விரலு வந்துடுச்சு" என்றார். கோடு அப்போதுதான் உள்ளங்கை நடுவில் இருந்தது. கண்ணைத் துண்டால் கட்டி, பஞ்சால் விரல் நுனியைத் தொட்டேன்.

"ஆங், தெரியுது."

மறுபடி தொட்டேன். "ஆங்."

மூன்றாம் முறை தொடவில்லை, பஞ்சை மட்டும் விரலுக்கு மேலே ஆட்டினேன். "ஆங், நல்லா தெரியுது!" துண்டுக்குக் கீழே மூக்கோரமாக ஒரு கண் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்குப் பஞ்சைத் தூக்கி எறிந்தேன். "யார ஏமாத்தறீங்க? இருபத்தொம்போதாந்தேதி பாகு பொய் சொல்லுமா? போங்க, இனிமே நான் தட்ட மாட்டேன்!"

மாமா துண்டை மெல்ல அவிழ்த்தார். இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினார். "பயமா இருக்குதும்மா" என்றார். அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. கீழே விழுந்த பஞ்சை நானே பொறுக்கி, கோடு போட்டு அனுப்பினேன். உள்ளங்கை நடு, செப்டம்பர் இருபத்தொன்று.

அந்தச் சமயம் சென்னையில் என் செல்களும் என்னைப் பாடாய்ப் படுத்தின. நியூரெகுலினை ஊற்றுவேன், ஒன்றும் நடக்காது. ஒரு நாள் நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்து, "ஏய், வா வான்னு கூப்புடறது உங்க வேலைதானே? திருத்தணியில ஒரு மனுஷன் காத்துகினு இருக்கிறாரு" என்று தட்டைப் பார்த்துக் கத்தினேன். பக்கத்து மேசைக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார்.

தீபாவளி கழிந்து, நவம்பரில் ஒரு காலை, மாமி போன் செய்தார். குரலில் பதற்றம். "முஹ்சினா, இவர் தோசைக்கல்லுல கைய வெச்சிட்டாரும்மா."

"ஐயோ, பெரிய காயமா மாமி?"

"காயம் கெடக்கட்டும். கத்திகினே தெருவுல ஓடறாரு. சுடுது சுடுதுன்னு ஒவ்வொரு வூட்டுக் கதவையும் தட்டிச் சொல்லிகினு இருக்கிறாரு. எனக்கு மானம் போவுது."

சுட்டது கட்டைவிரல். சூட்டையும் வலியையும் சொல்கிற மெல்லிய இழைகள் முன்னாலேயே வந்து சேர்ந்துவிடும், தொடு உணர்ச்சி பின்னால் வரும் என்று நான் போனில் விளக்கியது யாருக்கும் கேட்கவில்லை. அத்தா கடையை மூடிவிட்டு லட்டு வாங்கப் போயிருந்தார். கை சுட்டுக்கொண்டதற்கு லட்டு கொடுத்த தெரு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

டிசம்பர் இருபத்தெட்டு, ஞாயிறு. நான் புத்தாண்டு வரை லீவு சொல்லிவிட்டு வந்திருந்தேன். கட்டைவிரலில் தொடு உணர்ச்சி பாதிக்கு மேல் வந்திருந்தது. ஆள்காட்டி விரலின் நுனியைத் தட்டினேன், ஷாக் அடித்தது. இழை வந்து சேர்ந்துவிட்டது, சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே. நாங்கள் எல்லாரும் கூச்சல் போட்டோம். அந்த உற்சாகத்தில், இந்த முறை நாகேஷ் பின்னால் நின்று இரண்டு உள்ளங்கையாலும் மாமாவின் கண்ணைப் பொத்த, பஞ்சால் ஆள்காட்டி விரலைத் தொட்டேன்.

"எந்த விரலு மாமா?"

"நடுவிரலு."

கூச்சல் நின்றது. மறுபடி ஆள்காட்டி விரலைத் தொட்டேன்.

"நடுவிரலுதாம்மா. ஏன், இல்லியா?"

நடுவிரலைத் தொட்டேன். பாதி நேரம் நடுவிரல் என்றார், பாதி நேரம் ஆள்காட்டி என்றார். பஞ்சைக் கீழே வைத்தேன். இது இப்படி ஆகலாம் என்று எனக்குத் தெரியும், புத்தகத்தில் படித்திருக்கிறேன், ஆனால் ஏழு மாதமாக இதை ஒரு முறைகூட அவரிடம் சொல்லவில்லை. பாதை போட்டதென்னவோ சரிதான். வெட்டுப்பட்ட இடத்தில் ஆயிரக்கணக்கான பாதைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நடுவிரலுக்குப் போகவேண்டிய இழைகளில் சில, பக்கத்துப் பாதையில் இறங்கி ஆள்காட்டி விரலுக்கு வந்துவிட்டன. மூளைக்கு வீடு மாறிய விஷயம் தெரியாது, பழைய விலாசத்தையே சொல்லிக்கொண்டிருக்கிறது.

"இது சரியாவாதா?" என்றார் மாமா, நாகேஷின் கையை விலக்கிவிட்டு.

"ஆவும். கண்ணால பார்த்துகினே தொட்டுத் தொட்டுப் பழகணும். மூளை புது விலாசத்தக் கத்துக்கும். ஆனா..." பொய் சொல்ல மனம் வரவில்லை. "மாசக்கணக்கா ஆவும் மாமா. ஒரு நாள்ல ஆவாது. நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். மன்னிச்சிடுங்க."

அன்று முழுக்க, அத்தா கடையிலிருந்து சின்னதும் பெரியதுமாக நட்டுகளைக் கொண்டுவந்து கொட்ட, மாமி அரிசி, கேழ்வரகு, வெல்லக்கட்டி என்று தட்டில் வைக்க, மாமா தொட்டுக்கொண்டே இருந்தார். எந்த நட்டு என்று பாதிக்கு மேல் சரியாகச் சொன்னார். எந்த விரல் என்று கேட்டால் தப்பாகச் சொன்னார். நான் விரலையே கேட்டுக்கொண்டிருந்தேன், ஒவ்வொரு தப்புக்கும் என் குரல் உயர்ந்துகொண்டே போனது. கடைசியில் மாமிதான் தட்டை எடுத்து உள்ளே வைத்து, "போதும், படுங்க எல்லாரும்" என்றார்.

மறுநாள் காலை, மண்டபத்துப் பின்முற்றம். அடுப்பில் திருவாலங்காட்டுப் பக்கத்து வெல்லம் அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்தது. கயிறு கட்டி எல்லை வைத்திருந்தார்கள். இந்தப் பக்கம் நானும் அத்தாவும் மாமியும். அந்தப் பக்கம் வாய்க்கட்டோடு மாமா, வாய்க்கட்டை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டிய நாகேஷ், அருகே கைகட்டி நின்ற பரணிதரன். வெல்லம் ஒரே ஒரு அண்டாவுக்குத்தான். இது போனால் மாமா வேறு வேலைதான் பார்க்கவேண்டும்.

குமிழிகள் சின்னதாகின. நாகேஷ் ஒரு துளியைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டார். மாமா விரலை விட்டு உருட்டினார். தலையாட்டினார், இல்லை. கொஞ்சம் கழித்து இன்னொரு துளி. உருட்டினார். எங்கள் பக்கத்திலிருந்து பார்க்கும்போது அது உருண்டுவிட்ட மாதிரியே இருந்தது. பரணிதரன் குனிந்து பார்த்து, "வந்துடுச்சு போலக்கீதே" என்றார். நாகேஷ் அண்டாவின் காதைப் பிடித்துவிட்டார். மாமியின் விரல்கள் என் தோளை அழுத்தின.

"இரு" என்றார் மாமா, துணிக்குள்ளிருந்து.

மூன்றாவது துளி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அது போனது. மாமா கண்ணை மூடிக்கொண்டார். நான் அவர் விரலைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தேன். புருவம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"நடுவிரல்ல மெத்துன்னு இருக்குது. எறக்குடா நாகேஷு!"

அண்டா இறங்கியது. பரணிதரன் குழம்பிப்போனார். "நடுவிரலா? பாகு உன் ஆள்காட்டி விரல்ல இல்ல இருக்குது?"

"இருக்கட்டும் சார். எந்த விரலு சொல்லுதுன்னு எனக்கு எதுக்கு? சொல்றது என் கைதானே?" என்று சொல்லிவிட்டு, கயிற்றுக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்த்தார். வாய் தெரியவில்லை, கண் சிரித்தது. நேற்று முழுக்க நான் எவ்வளவு முட்டாள்தனமான கேள்வியைக் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆனாலும் பதம் சரியா என்பது மறுநாள் நெய் காயும்வரை யாருக்கும் தெரியாது. அந்த ஒரு நாள் எங்கள் யாருக்கும் சோறு இறங்கவில்லை. முப்பதாம் தேதி காலை முதல் அதிரசத்தைத் தட்டி நெய்யில் விட்டார்கள். அடியில் போய் உட்கார்ந்தது. கரைகிறதா என்று நாகேஷ் எட்டிப் பார்த்தார். ஒரு மூச்சு நேரம் கழித்து அது மெல்ல எழும்பி, நெய்யின் மேல் வந்து, ஓரம் சிவந்து மிதந்தது. பரணிதரன் அதைப் பார்த்தார். "அடுத்த வருஷம் வெல்லத்த முன்னாடியே சொல்லி வெச்சிடு" என்று மாமாவிடம் சொல்லிவிட்டுப் போனார். மாமி கயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். நாகேஷ் எங்கள் பக்கம் ஓடிவந்து, வாய்க்கட்டை இறக்கி, "அரக்கோணம் போறேன் பாவா! வயிறார ருசி பார்த்து எத்தினி மாசமாச்சு!" என்று மாமாவைப் பார்த்துக் கத்தினார்.

முந்நூற்று அறுபத்தைந்து அதிரசமும் படியேறின.

புத்தாண்டு காலை நான் சென்னைக்குக் கிளம்பவேண்டும். பனி இன்னும் விலகவில்லை. கடை வாசலில் நின்று பையை மாட்டிக்கொண்டிருந்தபோது மாமா வண்டியில் வந்தார். கையில் வாழையிலைப் பொட்டலம், படியில் வைத்து எடுத்த அதிரசம். வலது கையாலேயே பிரித்தார்.

"உன் செல்லுங்களுக்கும் குடுப்பியா?"

"அதுங்களுக்கு வெல்லம் ஆவாது மாமா. ஆனா சொல்றேன்."

சிரித்துக்கொண்டே அதே கையால் ஒரு அதிரசத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வைத்தவர், கையை எடுக்காமல் முகத்தைச் சுளித்தார்.

"இன்னாம்மா, கை இப்பிடிச் சில்லுன்னு இருக்குது? ஸ்வெட்டர் போட்டுகினு போகக் கூடாதா?" என்று திட்டிவிட்டு, அத்தாவுக்கு ஒன்று கொடுக்க உள்ளே போய்விட்டார்.

நான் அப்படியே நின்றேன். ஏழு மாதமாகத் தட்டி, தொட்டு, கண்ணைக் கட்டி நான் கேட்டுக்கொண்டிருந்த பதிலை, யாரும் கேட்காதபோது, தான் சொன்னது தனக்கே தெரியாமல், அந்த மனிதர் சொல்லிவிட்டுப் போகிறார். அழுதுகொண்டே அதிரசத்தைக் கடித்தேன். மெத்தென்று இருந்தது. எந்த விரல் சொன்னது என்று நான் கேட்கவில்லை.